பிரதியும் கூடும்: அறிவியல் புனைவு சினிமாவின் கடன்கள் குறித்து

1

'இது எங்கேயிருந்து சுட்டது?' சினிமா பற்றிய நம்முடைய பேச்சுலெ முதல்ல வர்ற கேள்வி இதுதான். பல நேரங்களில் கடைசிக் கேள்வியும் இதுவாகவே இருந்துவிடுகிறது. மூலம் கண்டுபிடிக்கப்பட்ட மாத்திரத்தில் விமர்சகரின் வேலை முடிந்துபோகிறது. சுட்ட பழமா சுடாத பழமா என்று தீர்மானித்துவிட்டால் பழத்தைத் தின்றுபார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்கிற மனநிலை இது. விமர்சனம் காவல்நிலைய எழுத்தர் வேலையாகச் சுருங்கிப்போவதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கு எதிர்நிலையில் நிற்பவர்கள் சொல்வது இன்னும் சுலபமானது. எல்லாப் பிரதிகளும் பிற பிரதிகளால் நெய்யப்பட்டவையே, மூலம் என்று ஒன்றில்லை, ஆசிரியன் செத்து வெகுநாளாயிற்று, அப்புறம் திருட்டு ஏது? கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆசிரியன் செத்தாலும் காப்புரிமை சாவதில்லை. யாருடைய பெயர் அழிந்தது, யாருடைய பெயர் மிஞ்சியது, காசு எந்தப் பக்கமாகப் போனது என்பவற்றை இந்த வாதம் தொடுவதேயில்லை.

இரண்டு தரப்பாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். கடன் வாங்குதல் என்பது ஒரே வகையான செயல் என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதைக் குற்றம் என்கிறார், மற்றவர் இயல்பு என்கிறார். அது ஒரே செயல்தானா என்பதே என் கேள்வி. 'டெக்ஸ்ட்' என்பதற்கு நாம் புழங்கும் 'பிரதி' என்ற சொல்லிலேயே நகல் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எப்போது ஒரு பிரதி வெறும் நகலாக நின்றுவிடுகிறது, எப்போது வேறொன்றாக ஆகிறது? இதற்கான அளவுகோலைக் கோட்பாட்டு நூல்களில் தேடிப்போக வேண்டியதில்லை. ஹாலிவுட் மிக அதிகமாகக் கடன் வாங்கிய ஒரு ஜப்பானிய அனிமே படத்துக்குள்ளேயே அது பேசப்பட்டிருக்கிறது.

2

மமொரு ஓஷீ இயக்கிய 'கோஸ்ட் இன் த ஷெல்' 1995இல் வெளிவந்தது. மசமுனே ஷிரோ 1989இல் தொடங்கிய மங்கா தொடரைத் தழுவியது. கதை நடக்கும் ஆண்டு 2029. மேஜர் குசனாகி அரசின் ரகசியப் பிரிவொன்றில் வேலை பார்ப்பவள். மூளையின் ஒரு பகுதியைத் தவிர அவள் உடல் முழுக்க எந்திரம். வேலையை விட்டு விலகினால் அந்த உடலை அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதாவது அவளுடைய கூடு அவளுக்குச் சொந்தமில்லை. உள்ளே இருப்பதாக அவள் நம்பும் ஆவி மட்டுமாவது தன்னுடையதுதானா என்ற சந்தேகம் அவளை அரித்துக்கொண்டே இருக்கிறது. படத்தில் குப்பை வண்டி ஓட்டும் தொழிலாளி ஒருவன் வருகிறான். மனைவி, மகள், விவாகரத்து எல்லாமே அவன் மூளையில் யாரோ செருகிய பொய் நினைவுகள். மகள் என்று அவன் காட்டும் புகைப்படத்தில் மகள் இல்லை, அவன்தான் இருக்கிறான். இது தெரிந்த பிறகும் அந்த நினைவுகளை அவன் மூளையிலிருந்து எடுத்துவிட முடிவதில்லை.

குசனாகி துரத்துகிற 'பொம்மலாட்டக்காரன்' ஒரு மனிதன் அல்ல. வெளியுறவு அமைச்சகம் உளவு வேலைக்காகச் செய்த நிரல், தகவல் வெளியில் அலைந்து தன்னுணர்வு பெற்றுவிட்டது. தான் ஓர் உயிர் என்றும் தனக்கு அரசியல் அடைக்கலம் வேண்டும் என்றும் அது கேட்கிறது. கடைசியில் குசனாகியிடம் அது வைக்கிற வாதம்தான் நமக்கு முக்கியம். தன்னால் தன்னை எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ள முடியும், ஆனால் நகல் நகல்தான் என்கிறது அது. ஒரேயொரு வைரஸ் போதும், அத்தனை நகல்களும் ஒன்றாக அழியும். வேறுபாடு பிறக்க வேண்டுமென்றால் இன்னொன்றோடு கலக்க வேண்டும், கலந்தால் பழையபடி இருக்க முடியாது, சாவையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். குசனாகி கலக்கிறாள். படத்தின் முடிவில் சிறுமியின் உடலொன்றில் கண்விழிப்பது மேஜரும் இல்லை, பொம்மலாட்டக்காரனும் இல்லை.

நகலெடுத்தல், கலத்தல். படம் உயிரைப் பற்றிச் சொன்ன இந்தப் பிரிவினையைக் கலையின் கடன்கள்மீது வைத்துப் பார்க்கலாம். நகலெடுக்கும்போது எடுத்துக்கொள்பவருக்கு எதுவும் ஆவதில்லை. கலக்கும்போது அவரும் மாறியாக வேண்டும். ஆகவே எவ்வளவு எடுத்தார் என்பதைவிட, எடுத்ததால் அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது பயன் தரும்.

3

ஓஷீயின் படமே கடன்களால் ஆனதுதான். இதுலெ ரகசியம் ஒண்ணுமில்லே. தலைப்பிலிருந்தே தொடங்கலாம். கில்பர்ட் ரைல் 1949இல் தெகார்த்தேயின் மனம்-உடல் இருமையைக் கேலி செய்ய 'எந்திரத்துக்குள் பேய்' என்றொரு தொடரைப் பயன்படுத்தினார். ஆர்தர் கோஸ்லர் 1967இல் அதைத் தன் நூலுக்குத் தலைப்பாக்கினார். ஷிரோ கோஸ்லரிடமிருந்து எடுத்தார். இங்கிலாந்துத் தத்துவவாதியின் கேலி ஜப்பானில் ஒரு பெண்ணின் நிஜமான துயரமாக ஆகிப்போனது.

படத்தின் நகரம் வந்த வழி இன்னும் சுற்றுவழி. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' 1927இல் அடுக்குமாடி நகரத்தையும் பெண்ணுருவ எந்திரத்தையும் திரைக்குத் தந்தது. 1949இல் ஒசாமு தெசூக்கா அதே பெயரில் ஒரு மங்கா வரைந்தார். லாங்கின் படத்தை அவர் அப்போது பார்த்திருக்கவில்லை. பத்திரிகை ஒன்றில் வந்த, அந்தப் பெண் எந்திரத்தின் படம் ஒன்றைத்தான் பார்த்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். ஒரேயொரு நிழற்படத்திலிருந்து அவர் உண்டாக்கிய மிச்சி என்கிற செயற்கை உயிர், தொண்டையில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஆணாகவும் பெண்ணாகவும் மாறக்கூடியது. தான் யாருக்கும் பிறக்கவில்லை என்று தெரிந்ததும் எந்திரங்களைத் திரட்டிக் கலகம் செய்கிறது. லாங்கின் எந்திரப் பெண் தொழிலாளர்களை ஏமாற்றுவதற்காக ஏவப்பட்ட கருவி. தெசூக்காவிடம் வந்தபோது அந்தக் கருவியே ஒடுக்கப்பட்ட தரப்பாகிவிட்டது. கடன் மிகச் சிறியது, மாற்றமோ முழுமையானது.

இன்னொரு கிளை ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' (1982). லாங்கின் நகரம், பிரெஞ்சுச் சித்திரக்கதைக் கலைஞர் மோபியஸின் கோடுகள், ஹாங்காங்கின் நெரிசல் எல்லாம் சேர்ந்து 2019ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் ஆயின. கட்டடம் உயரத்துக்கு ஒரு ஜப்பானியப் பெண்ணின் முகம் விளம்பரத்தில் சிரிக்கிறது. 80களில் ஜப்பானின் பொருளாதார வளர்ச்சியைக் கண்டு அமெரிக்காவுக்கு இருந்த பயம் அந்த நகரத்தின் மழையில் கலந்திருக்கிறது. எட்வர்ட் சயீத் 1978இல் விவரித்த கீழைத்தேயவாதம் இங்கே தலைகீழாகிறது. முன்பு கீழைத்தேயம் என்றால் பின்தங்கிய கடந்தகாலம், இப்போது அதுவே உணர்ச்சியற்ற எதிர்காலம். தொழில்நுட்பக் கீழைத்தேயவாதம் என்று பின்னால் பெயரிடப்பட்டது இதைத்தான்.

ஓஷீ செய்தது என்ன? அமெரிக்கர் கற்பனை செய்த ஜப்பானிய எதிர்காலத்தை வாங்கிக்கொண்டு அதை ஹாங்காங்கின்மேல் வைத்தார். கால்வாய்களும் சீன எழுத்துப் பலகைகளும் தலைக்கு மேலே தாழப் பறக்கிற விமானமும் அவருடைய நகரத்தில் உண்டு. ஜப்பானியரும் தமக்கென்று ஒரு கீழைத்தேயத்தைத் தேடிக்கொண்டார்கள் என்று இதைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆசியாவின் வேறொரு நகரத்தை அலங்காரமாக்குகிற அதிகாரம் ஜப்பானுக்கு மட்டும் எப்படி வந்தது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் படத்தின் நடுவே வசனமே இல்லாமல் சில நிமிடங்கள் ஓடும் அந்த நகரக் காட்சியைப் பாருங்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது. மழை, படகு, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள். ஒரு சாளரத்தில் குசனாகி தன் முகத்தையே கொண்ட இன்னொரு பெண்ணைப் பார்க்கிறாள். அதே தயாரிப்பில் வந்த வேறொரு கூடு! பின்னணியில் கென்ஜி கவாய் அமைத்த பாட்டு, பழைய ஜப்பானிய மொழியில் ஒரு திருமண வாழ்த்து, குரல்களின் இசைவோ பல்கேரிய நாட்டுப்பாடல் வழிப்பட்டது. நகரமும் பாட்டும் முகமும் இரவல். எல்லாம் இரவலாக இருக்கிற இடத்தில் 'நான்' என்று எதைச் சொல்வது என்பதுதான் காட்சியின் கேள்வியே. கடன் வாங்கிய பொருட்களைக் கொண்டு கடனைப் பற்றியே யோசிக்கிறது படம். நான் கலத்தல் என்று சொல்வது இதைத்தான்.

4

இப்போது 'மேட்ரிக்ஸ்' (1999). வச்சோவ்ஸ்கிகள் ஓஷீயின் படத்தைத் தயாரிப்பாளர் ஜோயல் சில்வருக்குப் போட்டுக்காட்டி, இதை நிஜமாகச் செய்ய வேண்டும் என்று சொன்னதை சில்வரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே துப்பறிய இங்கே எதுவுமில்லை. கழுத்துக்குப் பின்னால் செருகப்படும் கம்பி, பச்சை நிறத்தில் இறங்கும் குறியீடுகள், தோட்டாவில் பொடிப்பொடியாகும் தூண்கள், சந்தைத் துரத்தலில் சிதறும் பழங்கள் என்று பட்டியல் நீளும். பட்டியல் போடறது கஷ்டமான வேலை இல்லே. நான் இரண்டு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓஷீயின் படத்தில் பாழடைந்த அருங்காட்சியகத்தில் குசனாகி ஒரு கவச எந்திரத்தோடு மோதுகிறாள். எந்திரத்தின் தோட்டாக்கள் சுவரைக் கிழித்துக்கொண்டு மேலேறுகின்றன. அந்தச் சுவரில் செதுக்கப்பட்டிருப்பது உயிர்களின் பரிணாம மரம். ஒவ்வொரு கிளையாகத் துளைத்து ஏறிய தோட்டாக்கள், உச்சியில் மனிதனைக் குறிக்கும் பெயருக்குச் சற்றுக் கீழே நின்றுபோகின்றன. மனிதன் உச்சிதானா, அடுத்த கிளை எங்கே என்பதை வசனமே இல்லாமல் கேட்டுவிடுகிறது அந்தச் சுவர். 'மேட்ரிக்ஸ்' படத்தின் கட்டட முகப்புச் சண்டையிலும் அதே மாதிரி கல் சிதறுகிறது, தூசி பறக்கிறது. ஆனால் அந்தச் சுவரில் எதுவும் எழுதப்படவில்லை, அது வெறும் பளிங்கு. தோட்டா வந்து சேர்ந்தது, மரம் வரவில்லை.

இரண்டாவது, அந்தப் பச்சை எழுத்துகள். அவற்றை வடிவமைத்த சைமன் வைட்லி, தன் மனைவியிடம் இருந்த ஜப்பானியச் சமையல் புத்தகங்களிலிருந்து எழுத்துகளை எடுத்ததாகச் சொன்னார். ஜப்பானிய எழுத்துகள் கண்ணாடி பிம்பமாகத் திருப்பப்பட்டு, எண்களோடு கலந்து திரையில் பொழிகின்றன. ஜப்பானியம் தெரியாதவருக்கு அது மர்மம், தெரிந்தவருக்கும் வாசிக்கக் கிடைப்பது ஒன்றுமில்லை. குறிப்பானை மட்டும் உருவி எடுத்துக் குறிப்பீட்டை வீசிவிடுவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. படத்திலேயே இதற்கு ஒரு பொருள்வடிவமும் இருக்கிறது. நாயகன் நியோ தன் திருட்டு வட்டுகளை ஒளித்துவைத்திருப்பது போத்ரியாரின் 'போலிகளும் போலச்செய்தலும்' நூலுக்குள். நூலின் அட்டை அப்படியே இருக்கிறது, பக்கங்கள் நடுவில் குடைந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. 2003இல் ஒரு பேட்டியில் போத்ரியார், தாம் பேசிய போலச்செய்தலைப் பிளேட்டோ காலத்து மாயைப் பிரச்சினையோடு படம் குழப்பிக்கொண்டது என்று சலித்துக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஓஷீயின் குசனாகிக்குத் திரும்பிப்போக அசல் உலகம் என்று ஒன்று கிடையாது. நியோவுக்கு உண்டு. மாத்திரையை விழுங்கினால் உண்மையான உடல், உண்மையான உலகம், அதற்கொரு மீட்பனும் தயார். பொய்க்கு வெளியே மெய் இருக்கிறது என்ற பழைய ஆறுதலுக்குப் புதிய உடுப்பு மாட்டிய கதை இது.

இத்தோட நிறுத்தினா நானும் அந்த எழுத்தர் வேலையைத்தான் செய்தவனாவேன். 2003இல் வந்த இரண்டு தொடர்ச்சிகளையும் பார்க்க வேண்டும். முதல் படத்தின் முடிவில் நியோ, ஏஜன்ட் ஸ்மித்தின் உடலுக்குள் பாய்ந்து அவனை உள்ளிருந்து வெடிக்கவைக்கிறான். இது கலத்தல் இல்லை, வெற்றி. ஆனால் அடுத்த படத்தில் ஸ்மித் திரும்பி வருகிறான், தன்னைத்தானே நகலெடுக்கிறான், நூறாகிறான். மூன்றாவது படத்தில் நகரமே ஸ்மித்தாக ஆகிவிடுகிறது. பொம்மலாட்டக்காரன் எச்சரித்த அதே ஆபத்து: ஒன்றின் நகலே எங்கும், வேறுபாடே இல்லை. நியோ ஜெயிக்கிற வழியும் முன்பு போல இல்லை. தன்னை ஸ்மித்தாக்கிக்கொள்ள அவன் அனுமதிக்கிறான், அந்தக் கலப்பில் இருவரும் அழிகிறார்கள், போர் நிற்கிறது. 1999இல் விட்டுவிட்டு வந்த கேள்வி நாலு வருஷம் கழித்துப் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. பாராட்டு முழுக்க முதல் படத்துக்கே போயிற்று, மூன்றாவது படத்தைப் பெரும்பாலான விமர்சகர்கள் ஒதுக்கித் தள்ளினார்கள். பிம்பத்தை வாங்கியபோது கைதட்டினோம், கேள்வியை வாங்கியபோது குழப்பம் என்றோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இயக்குநர்கள் இருவரும் பின்னாளில் தங்களைத் திருநங்கையராக வெளிப்படுத்திக்கொண்டார்கள். படத்துக்குள் அந்த அனுபவம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று லில்லி வச்சோவ்ஸ்கி 2020இல் பேசினார். கூடு வேறு, உள்ளிருப்பது வேறு என்கிற ஜப்பானியப் படம் அவர்களை ஏன் அப்படி ஆட்கொண்டது என்பதற்கு இது ஒரு பதில். நியோவுக்கு 'உண்மையான தன்னிலை' ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கும் இது பதிலாகலாம். வாங்குகிறவரின் தேவை என்ன என்று கேட்காமல் கடனை மதிப்பிட முடியாது. போக, 'அனிமேட்ரிக்ஸ்' (2003) தொகுப்புக்காக யோஷியாக்கி கவாஜிரி, ஷினிச்சிரோ வதானபே, கோஜி மொரிமோத்தோ, மஹிரோ மாயெதா போன்ற ஜப்பானிய இயக்குநர்களை அவர்கள் அழைத்தார்கள். கடன் கொடுத்தவர்களின் பெயர்கள் திரையில் வந்தன. இது சின்ன விஷயமில்லை.

5

2017இல் ரூபர்ட் சாண்டர்ஸ் இயக்கத்தில் 'கோஸ்ட் இன் த ஷெல்' நடிகர்களைக் கொண்ட ஹாலிவுட் படமாகவே வந்தது. உரிமை முறைப்படி வாங்கப்பட்டது, பெயர் அதே பெயர். சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. மாடி உச்சியிலிருந்து பாய்வதும், முழங்கால் தண்ணீரில் கண்ணுக்குப் புலப்படாமல் நடக்கும் சண்டையும், சிலந்திக் கவச எந்திரமும் சட்டகத்துக்குச் சட்டகம் நினைவூட்டும்படி எடுக்கப்பட்டிருக்கின்றன. மேஜராக நடித்தவர் ஸ்கார்லெட் ஜொஹான்சன். ஜப்பானியப் பாத்திரத்துக்கு வெள்ளை நடிகையா என்று எதிர்ப்பு எழுந்தது. ஓஷீயே இதற்குப் பதில் சொன்னார்: மேஜரின் உடல் ஏற்றுக்கொண்ட உடல்தானே, அதற்கு ஆசிய நடிகைதான் வேண்டும் என்பதற்கு ஆதாரம் ஏது?

ஓஷீ சொல்வது அவருடைய படத்துக்குப் பொருந்தும், சாண்டர்ஸின் படத்துக்குப் பொருந்தாது. ஏனென்றால் புதிய படம் அந்தத் தர்க்கத்தையே கைவிட்டுவிட்டது. இங்கே மேஜரின் பெயர் மிரா கிலியன். பெற்றோரை இழந்த அகதி என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பிறகுதான் உண்மை வெளிவருகிறது: அவள் மோத்தோகோ குசனாகி என்கிற ஜப்பானியப் பெண். ஒரு நிறுவனம் அவளைக் கடத்தி, மூளையை எடுத்து, வெள்ளை உடலுக்குள் வைத்து, நினைவை அழித்து, வேறு பெயரிட்டிருக்கிறது. இதை என்னன்னு சொல்றது? கீழை நாட்டுக் கதையொன்றின் உயிரை உருவி வெள்ளை முகத்துக்குள் வைத்து விற்பனைக்கு அனுப்புகிற தொழிலின் ஒப்புதல் வாக்குமூலத்தை, தன்னையறியாமல் கதைக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது படம். உண்மையான 'நான்' என்று ஒன்று இல்லை என்றால் எந்த முகமும் பொருந்தும். உண்மையான மோத்தோகோ ஒருத்தி இருந்தாள் என்று சொல்லிவிட்ட பிறகு அந்த முகம் திருட்டின் தடயமாகிவிடுகிறது.

அப்புறம் என்ன நடக்கிறது? அவளைப் போலவே கடத்தப்பட்ட குசே, தன்னோடு வந்து கலந்துவிடும்படி அழைக்கிறான். அவள் மறுக்கிறாள். 1995இன் முடிவு ரத்து செய்யப்படுகிறது. தாயைக் கண்டுகொள்கிறாள், தன் கல்லறையின் முன் நிற்கிறாள், பிறகு அதே கூட்டோடு அதே வேலைக்குத் திரும்புகிறாள். கலக்க மறுத்த நாயகியின் கதையைக் கலக்க மறுத்த படம் சொல்லியிருக்கிறது.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு, கூடு விட்டுக் கூடு பாய்தல். மேய்ப்பன் மூலன் இறந்து பசுக்கள் கதறுவதைக் கண்டு, அவற்றின் துயர் தீர்க்க அந்த உடலுக்குள் புகுந்த யோகியின் கதையைப் பெரிய புராணம் சொல்கிறது. திரும்பிப் பார்த்தால் தம் பழைய உடலைக் காணவில்லை. பிறகு அவர் எந்தப் பெயரால் அறியப்பட்டார்? தம் பழைய பெயரால் அல்ல, திருமூலர் என்று. கூடு கொடுத்த மேய்ப்பனின் பெயரே நின்றது. பழைய உடலுக்குத் திரும்ப வழியில்லாமல் போனதுதான் அந்தப் பாய்ச்சலின் விலை. 2017இன் படமோ எந்த விலையும் கொடுக்காமல் பாயப் பார்க்கிறது. தன் உடலை, தன் நட்சத்திரத்தை, தன் முடிவை இழக்காமல் அடுத்தவரின் ஆவியை மட்டும் கேட்கிறது.

6

சட்டம் இந்தக் கணக்கைத் தீர்த்துவைக்காது. 'டெர்மினேட்டர்' (1984) வந்தபோது ஹார்லன் எலிசன் தன் எழுத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னார். சமரசம் ஆயிற்று, படத்தில் அவருக்கு ஒரு நன்றி வரி சேர்க்கப்பட்டது. கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) ஏறக்குறைய முழுக்க நிழற்படங்களால் ஆன, 28 நிமிடப் படம். அதிலிருந்து பிறந்தது என்று பெயர் சொல்லியே டெர்ரி கில்லியம் '12 மங்கீஸ்' (1995) எடுத்தார். பெயர் சொல்வது நேர்மை, அது வேண்டும். ஆனால் பெயர் சொல்லிவிட்டு, பணமும் கட்டிவிட்டு, உள்ளே இருப்பதைக் குடைந்தெடுத்துவிட முடியும் என்பதற்கு 2017இன் படமே சாட்சி. ஒற்றை நிழற்படத்தை வைத்துக்கொண்டு ஒரு புது உயிரை உண்டாக்க முடியும் என்பதற்குத் தெசூக்கா சாட்சி.

அறிவியல் புனைவு சினிமாவில் எதிர்காலம் என்பது பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே கண்ட கனவின் மறுபார்வைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிம்பம் லேசாக இருப்பதால் சீக்கிரம் எல்லை தாண்டுகிறது. கேள்வி கனமானது, பல சமயம் சுங்கச்சாவடியிலேயே தங்கிவிடுகிறது. அந்தத் தங்கிப்போன சாமானைத் தேடிப்போவதே விமர்சகரின் வேலை. அடுத்த முறை 'இது அந்தப் படத்திலேர்ந்து எடுத்தது'ன்னு யாராவது சொன்னா, சரி, எடுத்ததில் எதை விட்டுட்டு வந்தாங்க, எடுத்த பிறகு இவங்க பழைய ஆளாவே இருக்காங்களா என்று திருப்பிக் கேட்டுப்பாருங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.